அக்காவின் கலியாணமும் அளந்து பார்க்காத பவரும்

படிக்காத முட்டாளால் அவனுக்கு மட்டும்தான் கேடு. படித்த முட்டாளால் ஊருக்கே கேடு, ஏனென்றால் அவன் கையில் உபகரணம் இருக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்து அறியவில்லை. கொட்டாஞ்சேனையில், எங்கள் அக்காவின் கலியாணத்தன்று, மாதா கோயிலின் மேல்மாடத்தில் நின்று கண்டுபிடித்தேன். முட்டாளும் நானே, ஆராய்ச்சியாளனும் நானே என்பதால் வெளியிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அது யுத்த காலம். பழைய றேடியோ ஒன்றைத் திருத்தக் கொண்டு போனாலும் சோதனைச் சாவடியில் அதன் முதுகைக் கழற்றிக் காட்ட வேண்டும். பையில் ஒரு வயர்த் துண்டு கிடந்தால் அந்தத் துண்டின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த இளைஞர்கள் பற்றரி வாங்குகிற வேலையைக்கூடத் தங்கள் தாய்மாரிடம் விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழ்ப் பெயரோடு அடையாள அட்டை வைத்திருக்கும் ஒருவன் வானொலி ஒலிபரப்புக் கருவி ஒன்றைப் பூட்டுவானா? பூட்டினான். அதுவும் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்துகொண்டு பூட்டினான். (கோட் வாடகைக்கு எடுத்தது. மூளையும் அன்றைக்கு வேறு யாரிடமோ வாடகைக்குப் போயிருந்தது.)

எல்லாம் றீற்றாப் பெரியம்மாவின் காலில் ஆரம்பித்தது. அம்மாவின் மூத்த சகோதரி, அக்காவின் ஞானத்தாய், கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு மறுபக்கம், மூன்றாம் மாடியில் வசித்தவர். கட்டாரில் வேலை செய்த கிறிஸ்ரி அத்தானை எங்கள் ஜெனி அக்காவுக்குப் பேசி முடித்தவர் அவர்தான். நாள் குறித்து, அழைப்பிதழ் அடித்து, கேக்குக்கும் சொல்லியாகிவிட்ட பிறகு பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ சைக்கிள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"கதிரையில இருத்தித் தூக்கிக்கொண்டு போவம் அக்கா," என்றார் அம்மா.

"தூக்கிக்கொண்டு போக நான் என்ன திருநாளுக்கு வெளிக்கிடுற சுரூபமே? உங்கட அவசரத்துக்கு என்னைப் படியில உருட்டி விடுவியள். நான் பேசின கலியாணத்தை நான் இல்லாமக் கட்டுவியளோ? என்ட கால் சுகம் வரட்டும், பிறகு வையுங்கோ."

பெரியம்மா ஒத்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் ஒரு தேங்காய்கூட உடையாது. அத்தானுக்கோ லீவு முடியப் போகிறது. இந்தத் தடவை தவறினால் அடுத்த லீவு எப்போதென்று கட்டாரில் இருக்கும் அவருடைய முதலாளிக்கே தெரியாது. அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பேசிய இரண்டு சம்பந்தங்கள் யுத்தத்தால் நின்று போயிருந்தன. ஒருவர் பாதை மூடியதால் வர முடியாமல் போனவர், மற்றவர் திறந்திருந்த ஒரேயொரு பாதையால் கனடாவுக்குப் போனவர். அன்று அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள். அழுகிறாள் என்று யாரும் சொல்லாமலிருக்க மிக வேகமாகத் துருவினாள்.

"ஒரு ஃபோனைப் போட்டு அக்காவின்ட காதில குடுத்தா என்ன? பூசை முழுக்கக் கேக்கலாமே," என்று அம்மா ஒரு யோசனை சொன்னார்.

நான் சிரித்தேன். பொறியியல் பீடத்தில் கடைசி வருடம் படிக்கும் ஒருவன், படிக்காத தாய் சொன்ன நல்ல யோசனையைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பு. இன்றைக்கு அதை வேறொருவன் சிரித்தால் எழுந்து போய் அறைவேன்.

"ஃபோனோ? அம்மா, நான் பெரியம்மான்ட றேடியோவிலயே கலியாணத்தை வரப் பண்ணுறன்!"

பெரியம்மாவுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் றேடியோவில் பூசை கேட்டுப் பழகியவர். றேடியோவில் வருகிற கலியாணம் என்றால் அது ஏதோ அரசாங்கமே அங்கீகரித்த கலியாணம் என்று எண்ணினார் போலும். "அப்ப சரி, வையுங்கோ," என்று உத்தரவு கிடைத்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள். இரட்சகன் ஒருவன் உருவானான்.

நான் சொன்ன கருவியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் என்னுடைய ஆய்வுக்காகத் தந்திருந்த பச்சை நிறப் பலகை அது. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. மடிக்கணினியோடு பொருத்திவிட்டால், கணினியில் எழுதிய நிரலே வானொலி நிலையமாக வேலை செய்யும். எந்த அலைவரிசை வேண்டுமோ அதை விசைப்பலகையில் தட்டினால் போதும். எவ்வளவு பலமாக அனுப்புவது என்பதற்குத் திரையில் 'கெயின்' என்று ஒரு கோடு இருக்கும், அதன் மேல் ஒரு குமிழ். குமிழை இழுத்தால் இலக்கம் ஏறும். இதிலே ஒரு வில்லங்கம் உண்டு. அந்த இலக்கம் வாட்டும் இல்லை, மில்லிவாட்டும் இல்லை. வெறும் இலக்கம். அதே இருபது ஓர் அலைவரிசையில் ஒரு பவரைத் தரும், இன்னோர் அலைவரிசையில் வேறொரு பவரைத் தரும், பக்கத்து மேசையில் இருக்கும் பலகையில் இன்னொன்றைத் தரும். மீற்றர் வைத்து அளந்து பார்த்தாலொழிய வெளியே போவது எவ்வளவென்று யாருக்கும் தெரியாது. கரண்டியின் அளவு தெரியாமல் 'ரெண்டு கரண்டி உப்பு' என்று சொல்வது போன்ற விஷயம்.

எங்கள் விரிவுரையாளர் இதைப் பலமுறை சொல்லியிருந்தார். "முதலில் அள. பிறகு அன்ரெனாவைப் பூட்டு." நானும் பலமுறை தலையாட்டியிருந்தேன். ஆனால் அளக்கிற மீற்றர் ஆய்வுகூடத்து அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. திறப்புக் கேட்டால் எதற்கென்று கேட்பார்கள். ஆகவே அந்த இலக்கத்தையே பவர் என்று நம்புவதென முடிவு செய்தேன். விஞ்ஞானத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கலாம். எங்கள் வீட்டில் பஞ்சி, அதாவது சோம்பல், என்பார்கள். போதாக்குறைக்குப் புறக்கோட்டையில் ஒரு கடையில் சின்ன அம்பிளிஃபயர் ஒன்றும் வாங்கினேன். அதன் மேல் எந்த எழுத்தும் இருக்கவில்லை. 'நல்லாப் பிடிக்கும்' என்று கடைக்காரர் சொன்னதுதான் அதைப் பற்றி எனக்கிருந்த முழுத் தொழில்நுட்ப அறிவு.

கலியாணத்துக்கு முன்தினம் வெள்ளவத்தை வீட்டில் பரீட்சை. குமிழ் இருபதில். என் அறையில் நான் "அலோ, அலோ" என்றேன், குசினி றேடியோவும் "அலோ, அலோ" என்றது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். (பெருமையால் என்று அன்றைக்கு நினைத்தேன்.) இருபதே போதுமென்று தீர்மானித்துப் பலகையையும் அம்பிளிஃபயரையும் கலியாணக் கேக் துண்டுகள் அடுக்கிய பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். காலி வீதிச் சாவடியில் வானை மறித்த சிப்பாய் பெட்டியைத் திறந்து பார்த்தான். வெள்ளிக் கடதாசியில் சுற்றிய கேக் துண்டு ஒன்றை அப்பா அவன் கையில் வைத்தார். வான் போனது. அந்தக் கேக்குக்குக் கீழே என்ன இருந்தது என்று அப்பாவுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் மனிதர் அந்த இடத்திலேயே என்னை இறக்கிவிட்டுத் தன் மகளுக்குத் தம்பியே இல்லையென்று சத்தியம் பண்ணியிருப்பார்.

கோயிலின் மேல்மாடம் பாடகர் குழுவுக்குரியது. அன்றைக்குப் பாடகர்கள் கீழே நின்றதால் மாடம் முழுக்க என் இராச்சியம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நேர் எதிரே பெரியம்மாவின் பல்கனி. அங்கே ஃபாரூக் நானா நின்றார். பெரியம்மாவின் கட்டடத்தின் கீழ்மாடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பெரியம்மாவுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தார். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: றேடியோவில் தெளிவாகக் கேட்டால் அவர் வெள்ளைத் துணி காட்ட வேண்டும், கேட்காவிட்டால் சிவப்பு. இரண்டையும் கடையிலிருந்தே கிழித்துக்கொண்டு வந்திருந்தார். ஏன் இரண்டு பேரும் ஃபோனில் கதைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஃபோனைத் தொட்டால் அம்மா சொன்னது சரியென்று ஆகிவிடுமல்லவா? அதற்கு நான் செத்துப் போவேன்.

மணமக்களின் கதிரைகளுக்குப் பக்கத்தில் இருந்த பூங்கூடைக்குள் ஒரு மைக்கை ஒளித்து, அதன் வயரை மாடத்துக்குக் கொண்டுவந்தேன். கோயில் கூட்டும் தும்புத்தடி ஒன்றில் அன்ரெனாவைக் கட்டி ஜன்னலில் சாய்த்தேன். காதில் ஹெட்ஃபோன். முதல் அடி உடனே விழுந்தது: வெள்ளவத்தையில் வெறுமையாக இருந்த அலைவரிசையில் கொட்டாஞ்சேனையில் ஏதோ ஒரு ஸ்டேஷன் பாடிக்கொண்டிருந்தது. பரவாயில்லையென்று டயலின் மறு கோடிக்குப் போனேன். கேட்காவிட்டால் டயலைத் திருகித் தேடும்படி நானாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். குமிழ் அதே இருபதில். அலைவரிசை மாறினால் பவரும் மாறும் என்பதை, பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய அந்த உண்மையை, அந்த இடத்தில் நான் நினைக்கவே இல்லை.

நானா சிவப்புக் காட்டினார். முப்பதுக்கு ஏற்றினேன். வெள்ளை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் கையை எடுத்துவிட்டுச் செபமாலை சொல்லியிருப்பான். வெள்ளைத் துணி காற்றில் ஆடுகிறது, பெரியம்மா கட்டிலில் சாய்ந்து பூசை கேட்கிறார், அக்கா வெள்ளைச் சேலையில் பீடத்தை நோக்கி நடக்கிறாள். வேறென்ன வேண்டும்? ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சத்தம் போதும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒலிபெருக்கி என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும். கேட்டால் அதற்கடுத்த தெருவுக்கு. முப்பதில் இவ்வளவு நன்றாக இருந்தால் நாற்பதில் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணி, யாரும் கேட்காமலே, நாற்பதுக்கு இழுத்தேன்.

சிவப்பு.

இப்போது தெரியும் காரணம். தெருவுக்கு மறுபக்கத்தில் இருக்கிற றேடியோவுக்கு அளவுக்கு மீறிய பலத்தில் அனுப்பினால் அது திக்குமுக்காடிப் போய்க் கரகரக்கும். பக்கத்தில் நின்று காதுக்குள் கத்தினால் சொல் விளங்காது, அதுபோல. குறைத்திருக்க வேண்டும். நானோ, 'கேட்கவில்லை என்றால் கூட்டு' என்ற ஒரேயொரு வேதவாக்கியத்தோடு பிறந்தவன். நாற்பத்தைந்து. சிவப்பு இன்னும் வேகமாக ஆடியது. ஐம்பது. நானா இப்போது துணியை இரண்டு கையாலும் சுழற்றினார். பாவம் மனிதர், எவ்வளவு ஆர்வம் என்று நினைத்து, குமிழைக் கோட்டின் கடைசியிலிருந்த அறுபது வரை இழுத்துவிட்டேன். முப்பதிலிருந்து அறுபது என்றால் இரண்டு மடங்கு என்று என் கை கணக்குப் போட்டது. அந்த இலக்கம் டெசிபலில் ஏறுவது. பத்துப் பத்தாக ஏறும்போது பவர் பத்துப் பத்து மடங்காகப் பெருகும். இரண்டு மடங்கென்று நான் நினைத்தது ஆயிரம் மடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புறக்கோட்டை அம்பிளிஃபயர் அதைத் தாங்க முடியாமல், கிடைத்த அலைவரிசை எல்லாவற்றிலும் வாந்தி எடுத்தது.

அன்று சனிக்கிழமை, பிற்பகல், கிரிக்கெட். கோயில் வாசலில் வரிசையாக நின்ற முச்சக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் நேர்முக வர்ணனை உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அத்தனை றேடியோவிலும் எங்கள் அக்காவின் கலியாணம். சாரதிகள் ஸ்டேஷனை மாற்றினார்கள், அங்கேயும் கலியாணம். டயலின் எந்த மூலைக்குப் போனாலும் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வெற்றிக்குச் சில ஓட்டங்களே தேவைப்பட்ட கட்டத்தில், பந்தோடு ஓடி வந்தவர் ஃபாதரின் குரலில், "விவாகம் என்பது பொறுமை," என்றாராம்.

உள்ளே ஃபாதர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அவர் சொல்லும் ஒவ்வொரு வசனமும் அரை நொடி கழித்துத் தெருவிலிருந்து திரும்பி வந்தது. (கணினி ஒலியை விழுங்கி அனுப்ப எடுத்த நேரம்.) தூய ஆவியின் செயலோ என்று ஒரு கணம் நினைத்ததாகப் பிறகு சொன்னார். அவர் திகைத்துப் பேச்சை நிறுத்திய அந்த மௌனத்தில், முதல் வாங்கில் பூங்கூடைக்குப் பக்கத்தில் இருந்த அப்பா, அம்மாவின் காதுக்குள் குனிந்தார். அரை நொடி கழித்து அப்பாவின் இரகசியம் கொட்டாஞ்சேனைத் தெருவெங்கும் முழங்கியது.

"யுத்தம் முடிஞ்சாலும் இந்தாளின்ட பிரசங்கம் முடியாது போல கிடக்கு!"

கோயில் முழுவதும் அப்பாவைப் பார்த்தது. அப்பா கூரையைப் பார்த்தார். ஹெட்ஃபோனில் மைக்கின் ஒலி மட்டுமே வந்ததால் தெருவில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஹெட்ஃபோனும் காதுமாக, சிவப்புத் துணியைப் பார்த்தபடி, இதற்கு மேல் எப்படிக் கூட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பாமலே, "பொறுங்கோ, இன்னும் கொஞ்சம் கூட்டலாம்," என்றேன். திரும்பினேன். சந்திச் சாவடியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த சார்ஜன். அவருக்குப் பின்னால் துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள்.

சார்ஜன் மடிக்கணினியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தும்புத்தடி அன்ரெனாவைப் பார்த்தார், அது நீட்டிக்கொண்டிருந்த துறைமுகத் திசையையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கிரிக்கெட் கோபம் மெல்ல மறைந்து வேறொன்று வந்தது. அந்த வருடங்களில் அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

"பவர் எக்க கீயத?" என்று சிங்களத்தில் கேட்டார். பவர் எவ்வளவு?

நான்கு வருடம் மின்னணுவியல் படித்தவனிடம் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி. என்னிடம் இருந்த விடை ஒன்றுதான்.

"தன்னே நே, சேர்." தெரியாது, சேர்.

அவர் திரையில் இருந்த இலக்கத்தைத் தொட்டுக் காட்டி, அப்படியானால் இது என்ன என்றார். அது பவர் இல்லை, வெறும் இலக்கம், அதற்கும் பவருக்கும் என்ன தொடர்பென்று அளந்தால்தான் தெரியும், நான் அளக்கவில்லை என்றேன். என் விரிவுரையாளர் சொன்னதை நான் முழுமையாக விளங்கிக்கொண்ட முதல் தருணம் அதுதான். எப்படிக் கொண்டுவந்தாய் என்றார். கேக் பெட்டிக்குள் ஒளித்து என்றேன். கீழே மாடப்படியில் ஏறி வந்துகொண்டிருந்த அப்பா அதைக் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உம்பட்ட பிஸ்ஸுத?" என்றார் சார்ஜன். உனக்கென்ன பைத்தியமா? அதை அவர் ஏச்சாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். இவ்வளவையும் செய்தவன் ஒன்றில் பயங்கரவாதியாக இருக்க வேண்டும், அல்லது மடையனாக இருக்க வேண்டும். மடையன் என்று நிரூபித்தால் எனக்கு உயிர் உண்டு, அக்காவுக்குக் கலியாணம் உண்டு. நல்ல காலம், அதற்குச் சாட்சிகள் கோயில் நிறைய இருந்தார்கள்.

முதலில் ஃபாதர். பூசை உடுப்போடு மூச்சு வாங்க ஏறி வந்து, அழகான சிங்களத்தில், இந்தப் பிள்ளை பீடப் பணி செய்த காலத்தில் தூபக் கலசத்தை ஊதி ஊதிப் பீட விரிப்புக்கே நெருப்பு வைத்தவன் என்று சாட்சி சொன்னார். (அப்பாவின் யுத்த வசனத்துக்கும் சேர்த்துப் பழி வாங்குகிறார் என்று எனக்குப் பட்டது.) அடுத்து அப்பா. நல்லாய் ஓடிக்கொண்டிருந்த எங்கள் குளிர்சாதனப் பெட்டியை இன்னும் குளிராக்குகிறேன் என்று கழற்றி, அதை நிரந்தரமாக உடுப்பு அலுமாரியாக்கிய வரலாற்றைச் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. ஆகவே, "ஃபோன்... மம கிவ்வா, ஃபோன்," நான் சொன்னேன் ஃபோன் என்று, என்று திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார். தெருவைக் கடந்து ஓடி வந்த ஃபாரூக் நானா கையில் சிவப்புத் துணியோடு நின்றார்.

"ஏன் தம்பி, வெள்ளையோட உட்டிருக்கலாமே! நல்லாத்தானே கேட்டுட்டிருந்திச்சு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே சார்ஜனிடம் சிங்களத்தில் இன்னும் கூடிய விளக்கத்தோடு சொன்னார்.

என்னை அவ்வளவு பேர் அவ்வளவு ஒற்றுமையாக மதிப்பிட்டதை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒருவருக்காவது ஓர் உதாரணத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவில்லை. இருந்தாலும் சார்ஜனின் முகம் இளகவில்லை. உறவுக்காரர் சொல்லத்தான் செய்வார்கள் என்பது போல நின்றார். அப்போது அக்கா வந்தாள். ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் முக்காட்டின் நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். பின்னாலே கிறிஸ்ரி அத்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. சார்ஜனுக்கு முன்னால் போய் நின்று தெளிவான சிங்களத்தில் சொன்னாள். தமிழில் இது:

"சேர், இவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தா யுத்தம் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அந்தப் பக்கத்தைப் பற்றிப் பொலிசுக்கு முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை, வேடிக்கைக்குக்கூட இல்லை, கலியாணச் சேலையோடு நிச்சயமாக இல்லை. அப்பா செபம் சொல்லத் தொடங்கினார். சார்ஜன் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காதிலிருந்து ஹெட்ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது, வாடகைக் கோட்டின் கை என் கையைவிட நீளமாக இருந்தது. அவருடைய மீசை முதலில் ஆடியது. பிறகு வயிறு. பிறகு மனிதர் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கான்ஸ்டபிள், மேலதிகாரி சிரிப்பதால் தானும் சிரிக்கலாமென்று முடிவுக்கு வந்து துவக்கைத் தோளில் மாட்டினான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை நழுவவிட்டு என் கோட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணத்துக்காக அல்ல, எனக்காகத்தான் பயந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். கருவியையும் என்னையும் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்றார் சார்ஜன். "கட்டி முடியட்டும் சேர், எனக்கு இருக்கிறது இவன் ஒரு தம்பி," என்றாள் அக்கா. ஆகக் கூடியது பூசை முடியும் வரை என்று ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: நான் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அப்படியே முதல் வாங்கில் எங்கள் குடும்பத்தோடு சார்ஜன், நான், கான்ஸ்டபிள் என்று அமர்ந்தோம்.

பெரியம்மா? கருவியை நிறுத்தியதோடு அவருடைய றேடியோ செத்துக் கிடந்தது. அதைப் பற்றி யோசித்த ஒரே மனிதர் அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிராத கிறிஸ்ரி அத்தான். கோட் பைக்குள்ளிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, பெரியம்மாவின் இலக்கத்தை அழுத்தி, மேல் பைக்குள் போட்டுக்கொண்டு பீடத்துக்குப் போனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சார்ஜனுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஃபாதர் சம்மதம் கேட்க, அக்கா மெல்லிய குரலில் "ஓம்" என்றாள். உடனே மாப்பிள்ளையின் நெஞ்சிலிருந்து பெரியம்மாவின் குரல் வெடித்தது.

"வடிவாச் சொல்லடி பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை!"

அக்கா இரண்டாம் முறை சொன்ன "ஓம்" ஃபோன் இல்லாமலே மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும். தாலி ஏறியது.

அன்று மாலை நிலையத்துக்கு என் விரிவுரையாளரை வரவழைத்தார்கள். அவர் சிங்களவர், சாந்தமான மனிதர். அவரும் உள்ளே வந்து, வேறெதுவும் பேசாமல், அதே கேள்வியைத்தான் கேட்டார்: பவர் எவ்வளவு? நான் அதே பதிலைச் சொன்னேன். இவன் பொய் சொல்லவில்லை, இவனுக்கு உண்மையிலேயே தெரியாது என்று அவர் பொலிசுக்கு உறுதியளித்தார். எனக்குக் கிடைத்த முதலாவது தொழில்சார் நற்சான்று அது. பலகை கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எவ்வளவு பவர் போகிறதென்று மீற்றரோடு உட்கார்ந்து அளந்தேன். அதையே ஆய்வென்று சமர்ப்பித்துப் பட்டமும் வாங்கினேன்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இதைவிட எத்தனையோ சின்ன விஷயத்துக்காக, ஒரு சிம் அட்டைக்காக, ஒரு பெயருக்காகக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் உண்டு. எல்லோரும் திரும்பி வரவில்லை. அவர்களில் பலர் என்னைப் போல மடையர்களும் இல்லை. அவர்களுக்காகச் சாட்சி சொல்ல ஒரு கோயில் நிறையச் சனம் அன்றைக்கு அந்த இடத்தில் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் வீட்டுக்கு வந்து அப்பாவின் ஏச்சை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டேன். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இன்னும் சாப்பிடவில்லை.

கலியாண அல்பம் இப்போது மெல்பேணில் அக்கா வீட்டில் இருக்கிறது. பூசை முடிந்ததும் படப்பிடிப்பாளர், "பொம்பிளை வீட்டுக்காரர் எல்லாரும் வாங்கோ," என்று கூப்பிட்டார். என்னை விட்டுவிட்டு நிற்க பொலிசுக்கு அனுமதியில்லை. பொலிசை விட்டுவிட்டு நிற்க எனக்கு அனுமதியில்லை. ஆகவே படத்தில் அப்பா, அம்மா, மணமக்களோடு தொப்பியைக் கையில் பிடித்தபடி சார்ஜன், கேக் துண்டோடு கான்ஸ்டபிள், நடுவில் நான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த இருவரையும் காட்டி, இவை ஆரின்ட பக்கத்து ஆக்கள் என்று கேட்பார்கள். தம்பியின்ட பக்கம் என்பாள் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பல வருடங்களுக்குப் பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது. யுத்தம் முடிந்திருந்தது. ஃபாதரின் பிரசங்கமும் ஒருவழியாக முடிந்தது. பீடத்துக்கு முன்னால் குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரிசையாக நின்றோம். படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கினார். பின் வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி, இப்ப எடுக்காதேங்கோ. இவன்ட ஆக்கள் ரெண்டு பேர் இன்னும் வந்து சேரேல்லை."